17 வருசமா நிக்கிற மொறிஸ் மைனர்: முதல்ல எதில கை வைக்கிறது?

கோப்பாய்_மைனர்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பான்ர மொறிஸ் மைனர் 1000, 1959ம் ஆண்டுக் கார், நாலு கதவு, 948 சிசி எஞ்சின், பின்வளவு கராஜுக்குள்ள 17 வருசமா அசையாமல் நிக்குது. 2006 ஓகஸ்ட்டில ஏ9 றோட்டு (யாழ்ப்பாணத்துக்கு வாற பெரும்பாதை) பூட்டினாப் பிறகு பெற்றோல் எடுக்கிறது பெரும்பாடாப் போச்சு, அப்பா ஒருநாள் உள்ள விட்டுட்டு பற்றறி வயரைக் கழட்டி வச்சவர், பாதை திறந்தாப் பிறகும் எடுப்பம் எடுப்பம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர், எடுக்க முதல் அவரும் போயிட்டார். இப்ப அம்மாவுக்கு 78. அந்தக் காரில ஒருக்கா நல்லூருக்குப் போட்டு வர வேணும் எண்டு போன கிழமை வாய் திறந்து கேட்டவ. அவ எதையும் கேக்கிற ஆள் இல்லை, அதால இதை எப்பிடியும் செய்து முடிக்க வேணும்.

இப்ப உள்ள நிலைமை: ரயர் நாலும் தட்டை. பொனற்றைத் திறந்தா எயார் கிளீனருக்குள்ள எலி தும்பும் பழைய பேப்பரும் கொண்டந்து அடைஞ்சு வச்சிருக்கு. ராங்க் மூடியைத் திறக்க வார்னிஷ் மணம் அடிக்குது. டிரைவர் பக்கத் தகட்டில கறள், ஆனா ஓட்டை இல்லை. 90ல இருந்து 2002 மட்டும், சண்டையால பெற்றோல் கிடைக்காத காலம், அப்பா கூடுதலா மண்ணெண்ணெயிலதான் ஓடினவர், அதையும் சொல்ல வேணும்.

புதுப் பற்றறி போட்டு காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் ஊத்தினா இண்டைக்கே ஸ்ராட் எடுக்கலாம் எண்டு ஒரு பெடியன் சொல்லுறான். எனக்குப் பயமாக் கிடக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஒயில்கை:
தம்பி, பற்றறி இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான் 1971ல ஸ்பனர் பிடிச்சனான், ஏ40, மைனர், கேம்பிரிட்ஜ் எண்டு இந்த ஏ சீரிஸ், பி சீரிஸ் எஞ்சினுகளோடதான் என்ர காலம் போனது. கனகாலம் நிண்ட எஞ்சினைப் பழுதாக்கிறது அந்த 17 வருசம் இல்லை, திறப்பைப் போட்டுச் சுத்துற முதல் பத்துச் செக்கன்தான். சிலிண்டர் சுவரில ஒயில் ஒரு சொட்டும் இராது, பிஸ்ரன் றிங் கறளோட ஒட்டியிருக்கும், வால்வ் தண்டு பிசின் மாதிரிப் பிடிச்சிருக்கும், அந்த நிலையில ஸ்ராட்டர் மோட்டர் பலமா இழுத்தா ஏதோ ஒண்டு முறியும்.

முதல்ல நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டுங்கோ. டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. பாதி டீசல் பாதி எஞ்சின் ஒயில் கலந்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ரெண்டு மேசைக்கரண்டி விட்டுட்டு ஒரு கிழமை தொடாதேங்கோ. அதுக்குள்ள டிப் ஸ்ரிக்கை (ஒயில் அளக்கிற கம்பி) இழுத்து மணந்து பாருங்கோ. மண்ணெண்ணெயில ஓடின எஞ்சினில எரியாத எண்ணெய் றிங்கைத் தாண்டி சம்ப்புக்குள்ள (எஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டு) இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிப் போடும். மணந்தா உடனே தெரியும். அந்த ஒயிலோட ஒரு சுத்துக்கூடச் சுத்தக்கூடாது, முழுக்க இறக்கிப்போட்டு புது 20டபிள்யூ50 ஒயில் விடுங்கோ.

பேந்து றொக்கர் கவரை (வால்வுகளுக்கு மேல இருக்கிற மூடி) கழட்டி வச்சிட்டு, முன்னால செருகிற ஹாண்டிலால கையாலதான் சுத்த வேணும். ஹாண்டிலைப் பிடிக்கேக்க பெருவிரலும் மற்ற விரலுகளோட ஒரே பக்கம் இருக்க வேணும், சுத்திப் பிடிக்காதேங்கோ, எஞ்சின் திருப்பி அடிச்சா பெருவிரல் முறியும்.

சென்னை_ஹெரால்ட்:
அண்ணன் சொல்றத அப்படியே கேளுங்க சார், நான் கேக்காம அனுபவிச்சவன். எங்ககிட்ட 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இங்க மெட்ராஸ்ல செஞ்ச வண்டி. அதுவும் 948 சிசிதான் ஆனா உங்க இஞ்சின் வேற எங்க இஞ்சின் வேற, சிசி மட்டும்தான் ஒண்ணு. 11 வருஷம் நின்னுச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல பேட்டரிய மாட்டி நேரா செல்ஃப் அடிச்சாங்க, டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் வால்வ் ஒண்ணு கைடுல ஒட்டிட்டு இருந்திருக்கு, வால்வ தள்ற புஷ் ராட் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. புஷ் ராட் கிடைக்க நாலு மாசம். ராக்கர் கவர தொறந்து வச்சு கையால சுத்தியிருந்தா ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், அத நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

கோப்பாய்_மைனர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. பிளக் கழட்டினன், மூண்டு சுகமா வந்தது, நாலாவது ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. ஒண்டு, ரெண்டு, நாலாம் சிலிண்டரில சுவர் மண்ணிறமா இருந்தாலும் பரவாயில்லை, மூண்டுக்குள்ள மட்டும் ஒரு பக்கம் செம்மஞ்சள் வளையம் தெரியுது. டிப் ஸ்ரிக்கில மண்ணெண்ணெய் மணம் இப்பவும் அடிக்குது அண்ணை, இத்தினை வருசத்துக்குப் பிறகும். டீசல் ஒயில் விட்டிருக்கிறன். ஹாண்டில் ஒரு மயிரளவும் அசையேல்ல.

அச்சுவேலி_அக்கா:
மண்ணெண்ணெய் எண்டதும் எழுதாமல் இருக்க ஏலேல்ல. எங்கட ஐயாட்ட ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் நிண்டது. 95 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க இடம்பெயரேக்க, நாங்கள் ஒன்பது பேர், அம்மம்மா மடியில சாமிப்படம், அந்த மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் கடந்தது அந்தக் காரிலதான், மண்ணெண்ணெயிலதான். சனத்துக்குள்ளால அடி அடியா ஊரேக்க எஞ்சின் நிண்டா திரும்ப எடுக்கப் பெற்றோல் இல்லை எண்டு ஐயா கடைசி மட்டும் அக்சிலேற்றரில இருந்து காலை எடுக்கேல்ல.

ஐயா எப்பவும் சின்னப் போத்திலில கொஞ்சம் பெற்றோல் வச்சிருப்பார். விடிய எடுக்கேக்க பெற்றோல், மானிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காத்தும் புகையும் போய்வாற குழாய்) கை வைக்க ஏலாத அளவு சூடானாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார், சூடில்லாட்டி அது ஆவியாகாது, வெள்ளைப் புகைதான் வரும். இரவு நிப்பாட்டேக்கையும் கடைசி ரெண்டு மூண்டு நிமிசம் பெற்றோலில ஓட விட்டுத்தான் நிப்பாட்டுவார், இல்லாட்டி அடுத்தநாள் காபரேற்றருக்குள்ள மண்ணெண்ணெய் கிடக்கும், எஞ்சின் எடுக்காது. உங்கட அப்பாவும் அப்பிடித்தான் செய்திருப்பார். ஆனா எக்சோஸ்ற் பக்கம் கரி நல்லாப் பிடிச்சிருக்கும், வால்வைக் கவனமாப் பாருங்கோ.

ஒயில்கை:
தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. இந்த எஞ்சினில இன்லெற்றும் எக்சோஸ்ற்றும் ஒரே வார்ப்பில ஒட்டித்தான் இருக்கும், அந்தச் சூடுதான் மண்ணெண்ணெயை எரிய வச்சது. கொம்பிரஷன் (கலவையை அமத்துற விகிதம்) குறைஞ்ச எஞ்சினும் வந்தது, 7.2க்கு 1, அது இன்னும் லேசாத் தாங்கும்.

தம்பி, ஹாண்டில் அசையேல்ல எண்டு பலம் போடாதேங்கோ, பைப் செருகி நீட்டவும் வேண்டாம். ரயருக்குக் காத்தடிச்சு ரொப் கியரில போட்டு காரை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டுங்கோ, காலமை பத்து ஆட்டு, பின்னேரம் பத்து ஆட்டு. இடைக்கிடை டீசல் குறைஞ்சா விடுங்கோ.

கோப்பாய்_மைனர்:
அசைஞ்சிட்டுது!!! ஒன்பதாம் நாள். காலமை ஆட்டேக்க "கிறீக்" எண்டு வாசல் கதவு திறக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், கார் ஒரு சாண் முன்னுக்குப் போச்சு. பிறகு ஹாண்டிலைப் போட்டு மெல்லச் சுத்த முழுச் சுத்தும் சுத்துது, பிளக் ஓட்டைக்குள்ளால மண்ணிறத் தண்ணி துப்புது. அம்மா குசினிக்குள்ள இருந்து ஓடி வந்து பாத்துக்கொண்டு நிண்டவ.

ஆனா அண்ணை சொன்ன மாதிரி றொக்கரைப் பாத்துக்கொண்டுதான் சுத்தினனான், முன்னால இருந்து அஞ்சாவது வால்வ் கீழ போனது மேல வரேல்ல. றொக்கர் லூசா ஆடுது. உடனே நிப்பாட்டிப் போட்டன்.

ஒயில்கை:
நிப்பாட்டினது நல்ல வேலை. அஞ்சாவது எண்டா மூண்டாம் சிலிண்டர் எக்சோஸ்ற். இந்த எஞ்சினில முன்னால இருந்து எக்சோஸ்ற், இன்லெற், இன்லெற், எக்சோஸ்ற், திரும்ப எக்சோஸ்ற், இன்லெற், இன்லெற், எக்சோஸ்ற் எண்டுதான் வரும். நாலும் அஞ்சும் ஒரே வாயால புகை விடுற ஆக்கள், நடுவில கிடக்கிறதால சூடு கூட, கரியும் கூட. வால்வ் திறந்தபடி நிண்டிருந்தா ஈரம் அதுக்குள்ளால போய்த்தான் அந்தச் செம்மஞ்சள் வளையம்.

பயப்பிட ஒண்டுமில்லை. றொக்கரை ஒதுக்கிப்போட்டு வால்வ் தண்டில, ஸ்பிறிங்குக்குள்ளால, கறள் இளக்கிற எண்ணெயை மூண்டு நாளைக்கு விடுங்கோ. பிறகு மரச்சுத்தியலால ஸ்பிறிங் தலையில மெல்லத் தட்டுங்கோ, கீழ போகும், விட்டா கொஞ்சம் மேல வரும், திரும்பத் தட்டுங்கோ. பிஸ்ரன் கீழ இருக்கேக்கதான் தட்ட வேணும், அதை மறக்காதேங்கோ. ஒரு மணித்தியாலத்தில சுகமா வந்து போகத் தொடங்கும்.

பிறகு எட்டு வால்வுக்கும் இடைவெளி 12 தௌ (அங்குலத்தில ஆயிரத்தில 12 பங்கு) வையுங்கோ, குளிர் எஞ்சினில. அதுக்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்து நிக்கேக்க முதலாவதைச் செற் பண்ணுங்கோ, ஆறு திறந்து நிக்கேக்க மூண்டு, அஞ்சு திறந்து நிக்கேக்க நாலு, ரெண்டையும் கூட்டினா எப்பவும் ஒன்பது வரும்.

லூயிஷம்_1098:
இழை முழுக்க வாசிச்சிட்டு எழுதுறன். லண்டனில என்னட்ட 1966 மைனர் 1098 இருக்கு, ஆறு வருசம் ஒரு கிழவரின்ர கராஜுக்குள்ள நிண்டதை எடுத்தனான். எல்லாரும் எஞ்சின் எஞ்சின் எண்டு கதைக்கிறீங்கள், பிரேக்கைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்ல. நான் எஞ்சின் ஸ்ராட் ஆன சந்தோசத்தில அப்பிடியே ரிவேர்ஸ் எடுத்து றோட்டில இறக்கினன், பெடலை அமத்த அது தரை மட்டும் போச்சு. காண்ட் பிரேக்கால நிப்பாட்டினன், முன்னால ஒரு பிள்ளைத்தள்ளுவண்டி போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிசம் எனக்கு இப்பவும் கனவில வரும்.

என்ர கருத்து: எஞ்சினை அப்பிடியே விடுங்கோ, முதல் பிரேக் முழுக்கச் செய்யுங்கோ. நாலும் டிரம்தான், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் புதுசு, எல்லாம் இங்க இப்பவும் செய்து விக்கினம்.

ஒயில்கை:
தம்பி சொல்லுறது விளங்குது, ஆனா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். எஞ்சின் நல்லதோ கெட்டதோ தெரியாமல் பிரேக்குக்குக் காசு கொட்டிப்போட்டு, பிறகு புளொக் வெடிச்சிருக்கு எண்டா அந்த மனுசன் என்ன செய்யிறது? ஊரில சம்பளத்தில வாழுற ஆள். முதல் எஞ்சின் உயிரோட இருக்கோ எண்டு பாக்கட்டும்.

லூயிஷம்_1098:
அண்ணை, காசுக் கணக்கு சரி. நான் சொல்லுறது மனசுக் கணக்கு. 17 வருசத்துக்குப் பிறகு எஞ்சின் சத்தம் கேட்டா, அம்மாவும் பக்கத்தில நிண்டா, படலை மட்டும் ஒருக்காப் போட்டு வருவம் எண்டு எந்தப் பிள்ளைக்கும் மனம் வரும். எனக்கு வந்தது. எஞ்சினை எடுக்கிறது வேற, காரை எடுக்கிறது வேற.

ஒயில்கை:
சரி, அப்ப ஒரு வழி சொல்லுறன். பின்சில்லு ரெண்டையும் கழட்டி, அக்சிலுக்குக் கீழ மரக்குற்றி குடுத்து நிப்பாட்டிப்போட்டு, முன்னுக்கும் கல்லு வச்சிட்டு எஞ்சினை எடுக்கட்டும். சில்லில்லாத கார் எங்கையும் போகாது. அப்பவே சில்லும் டிரம்மும் கழண்டு கிடக்கும், பிரேக் வேலையும் தொடங்கலாம்.

லூயிஷம்_1098:
அதுக்கு நான் முழுச் சம்மதம் அண்ணை.

கோப்பாய்_மைனர்:
நானும் அப்பிடியே செய்யிறன். அஞ்சாவது வால்வ் இப்ப சுகமா வந்து போகுது. பற்றறியும் வாங்கிட்டன், பெடியன் வந்து மாட்டப் பாத்தவன், நான் விடேல்ல, வயரில எது எதுக்கு எண்டு கேட்டுட்டுச் செய்வம் எண்டு வச்சிருக்கிறன். மற்றது பெற்றோல் பம்ப், அது டிக் டிக் எண்டு கறண்டில அடிக்கிற எஸ்யூ கொம்பனிப் பம்ப், சின்னனில அப்பா சாவியைத் திருப்ப அந்தச் சத்தம்தான் முதல் கேக்கும்.

ஒயில்கை:
நல்லகாலம் விடேல்ல. இந்தக் காருக்கு பொசிற்றிவ்தான் கார்ப் பொடியில, நெகற்றிவ் ஸ்ராட்டர் பக்கம். இப்பத்த பெடியள் எல்லாத்தையும் மற்றப்பக்கமா மாட்டிப் பழகினவை. மாறி மாட்டினா டைனமோ சார்ஜ் பண்ணுறது குழம்பும்.

ராங்கைக் கழட்டிக் கழுவுங்கோ, உள்ளுக்குக் கிடக்கிற பிசின் பம்புக்கு வந்தா எல்லாம் வீண். ஸ்ராட் பாக்கிறதுக்கு வெளியில ஒரு சின்னக் கான் வச்சு அதில இருந்து பம்ப் இழுக்கட்டும். காபரேற்றருக்குள்ள போத்திலால ஊத்திற வேலை வேண்டவே வேண்டாம், ஒருக்கா பின்னடி அடிச்சா பொனற்றோட பத்தும். பக்கத்தில ஈரச்சாக்கும் ஒரு வாளி மண்ணும் வையுங்கோ.

டிஸ்ரிபியூற்றருக்குள்ள இருக்கிற பொயின்ற் கறுத்துப்போயிருக்கும், மெல்லிய எமறி பேப்பரால துடைச்சு 15 தௌ. பிளக் 25 தௌ. காபரேற்றர் மேல் மூடியை அந்த வெண்கலத் தடியோட கழட்டி, அது நிண்ட குழாய்க்குள்ள ஒயில் இருக்கோ பாருங்கோ, கட்டாயம் காய்ஞ்சிருக்கும். பிஸ்ரனை விரலால உயத்தி விட்டா "டொக்" எண்டு விழ வேணும். அந்தச் சத்தம் வராட்டி எங்கையோ தட்டுது.

கோப்பாய்_மைனர்:
ஞாயிற்றுக்கிழமை காலமை நடந்ததை அப்பிடியே எழுதுறன். பிளக் இல்லாமல் ஸ்ராட்டரால பதினைஞ்சு செக்கன் பதினைஞ்சு செக்கனாச் சுத்தினன், ஒயில் லைற் நூரவேயில்லை. அண்ணைக்கு போன் எடுக்க, பம்ப் காய்ஞ்சு போச்சு, ஃபில்ற்றருக்குப் போற பைப்பைக் கழட்டி ஒயில் விடு எண்டார். விட்டுட்டுத் திரும்பச் சுத்த, மூண்டாம் தரம் லைற் நூந்திட்டுது. பிளக்கைப் போட்டன். சாவியைத் திருப்பினா எஸ்யூ பம்ப் ஒண்டும் இல்லை. மனம் உடைஞ்சு போச்சு. ஸ்குறூ டிரைவர் பிடியால பம்பில ஒரு தட்டுத் தட்டினன்.

டிக். பேந்து ஒண்டுமில்லை. இன்னொரு தட்டு. டிக் டிக் டிக் டிக் டிக் எண்டு வேகமா அடிச்சு, காபரேற்றர் நிரம்ப நிரம்ப மெதுவாகி, டிக்... டிக்... எண்டு நிண்டுது. அம்மா கதிரையில இருந்தவ, அந்தச் சத்தம் கேட்டவுடன கண்ணைத் துடைச்சவ.

சோக்கை இழுத்து ஸ்ராட்டர் குமிழைப் பிடிச்சு இழுக்க, நாலு சுத்து, அஞ்சு சுத்து, ஒருக்கா தும்மினது, திரும்ப இழுக்க ரெண்டு சிலிண்டரில எடுத்து, பிறகு மூண்டு, ஒரு நிமிசத்தில நாலும். கராஜ் முழுக்க வெள்ளைப் புகை, டீசல் மணம். பத்து நிமிசம் ஓட விட்டன். மரக்குற்றியில நிண்டதால எங்கையும் போக ஏலேல்ல, லூயிஷம் தம்பி, நீங்கள் சொன்ன மனம் எனக்கும் வந்தது.

அச்சுவேலி_அக்கா:
வாசிக்கேக்க மயிர்க்கூச்செறியுது தம்பி. ரேடியேற்றருக்கு என்ன தண்ணி விட்டனீங்கள்? எங்கட கிணத்துத் தண்ணி வேண்டாம், சுண்ணாம்பு. கேத்திலுக்குள்ள பிடிக்கிற அந்த வெள்ளைப் பொருக்குத்தான் ரேடியேற்றருக்குள்ளயும் பிடிக்கும். ஐயா மாரிக்கு மழைத்தண்ணி பிடிச்சுப் பரலில வச்சுத்தான் காருக்கு விடுறவர்.

கோப்பாய்_மைனர்:
கிணத்துத் தண்ணிதான் அக்கா விட்டனான். இண்டைக்கே இறக்கிறன். புளொக்கில தட்டு மாதிரி இருக்கிற பிளக் (ஸ்பார்க் பிளக் இல்லை, தண்ணி ஓட்டையை அடைக்கிற மூடி) ஒண்டில இருந்தும் கறள் தண்ணி சொட்டுது, அதையும் மாத்த வேணும்.

சென்னை_ஹெரால்ட்:
சார் சூப்பர்!! சார்ஜ் ஆகுதான்னு பாருங்க. டைனமோ ரொம்ப வருஷம் சும்மா கிடந்தா அதுல இருக்கிற காந்தம் போயிடும், சிவப்பு லைட் அணையாம எரிஞ்சுட்டே இருக்கும். டைனமோல ரெண்டு வயரையும் கழட்டிட்டு, எஃப் முனைல மட்டும் பேட்டரி லைவ்ல இருந்து ஒரு வயரால ரெண்டு மூணு தடவ லேசா தொட்டு எடுங்க, பொறி வரும், அது போதும். உங்க வண்டில லைவ்னா நெகட்டிவ், அதுல மாறிடாதீங்க.

லூயிஷம்_1098:
இப்ப பிரேக். மாஸ்ரர் சிலிண்டர் எங்க எண்டு தேடுவீங்கள், பொனற்றுக்குள்ள இல்லை, டிரைவரின்ர காலுக்குக் கீழ, சட்டத்துக்குள்ள ஒளிச்சிருக்கு. காப்பெற்றை எடுத்தா ஒரு மூடி இருக்கும், அதுக்குள்ளாலதான் பிரேக் ஒயில் விடுறது. சிலிண்டரைக் கழட்டேக்க போல்ற்றை இழுக்க விடாமல் டோர்ஷன் பார் (ஸ்பிறிங்குக்குப் பதிலா இருக்கிற முறுக்குக் கம்பி) மறிக்கும், அந்த இடத்தில எல்லாரும் ஒரு கிழமை இழப்பினம். ஆறுதலாச் செய்யுங்கோ. ரப்பர் ஹோஸ் வெளியில நல்லாத் தெரிஞ்சாலும் மாத்துங்கோ, உள்ளுக்கு வீங்கி அடைச்சிருக்கும், பெடலை விட்டாலும் பிரேக் விடாது. சீல் கிற், ஹோஸ், ஆறு வீல் சிலிண்டர் (முன்னுக்கு ஒரு சில்லுக்கு ரெண்டு) நான் அனுப்புறன், வாற மாசம் என்ர மச்சான் ஊருக்கு வாறார். பெற்றோல் ஹோஸும் சேத்து வைக்கிறன். இங்க 2021 செப்ரெம்பரில சாதாரண பெற்றோல் ஈ10 (பத்து வீதம் மட்டும் எதனோல் கலந்தது) ஆனாப் பிறகு பழைய ரப்பர் எல்லாம் பிசுபிசுத்துப் போச்சு, அதால நான் நல்ல ஹோஸாப் பாத்துத்தான் வாங்கிறனான்.

கோப்பாய்_மைனர்:
சாமான் கிடைச்சுது தம்பி, காசு எவ்வளவு எண்டு சொல்ல மாட்டீங்கள் எண்டு மச்சான் சொன்னவர், அதைப் பிறகு கதைப்பம். மாஸ்ரர் சிலிண்டருக்கு எனக்குப் பதினொரு நாள் போச்சு. பழைய வீல் சிலிண்டரில ரெண்டு கல்லு மாதிரி இறுகியிருந்தது, இதோட றோட்டில இறக்கியிருந்தா எண்டு நினைக்கவே கை நடுங்குது.

நேற்று வளவுக்குள்ள பதினைஞ்சு தரம் ஓடி நிப்பாட்டிப் பாத்தன், பெடல் மேலயே பிடிக்குது, நேரா நிக்குது. இண்டைக்குக் காலமை கோப்பாய்ச் சந்தி மட்டும் தனியப் போட்டு வந்தன். மூண்டாம் சிலிண்டரில இன்னும் லேசா நீலப்புகை, மற்றதெல்லாம் நல்லம். வரேக்க வலப்பக்க முன்சில்லில குழியில விழேக்க "கடக்" எண்டு ஒரு சத்தம் கேக்குது. அம்மா வெள்ளிக்கிழமை போவமோ எண்டு கேக்கிறா.

ஒயில்கை:
வெள்ளிக்கிழமை வேண்டாம் தம்பி. அந்தக் கடக் ட்றனியன், முன்சில்லைத் தாங்கித் திருப்புற புரி மூட்டு. அது தேஞ்சு கழண்டா முன்சில்லு அப்பிடியே மடிஞ்சு விழும், பிரேக் எவ்வளவு நல்லா இருந்தாலும் உதவாது. 17 வருசமா கிறீஸ் காணாத ட்றனியன். ஜாக்கில தூக்கி, சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, ஆட்டம் இருந்தா மாத்தாமல் படலையைத் தாண்ட வேண்டாம்.

சென்னை_ஹெரால்ட்:
ஒரு விஷயம், ஹெரால்டுக்கு ட்ரனியன்ல கிரீஸ் அடிக்கக்கூடாது, கியர் ஆயில் 90தான். ஆனா மைனருக்கு கிரீஸ்தான், ரெண்டையும் குழப்பிடாதீங்க. யாராவது ஹெரால்ட் ஆளுங்க இத படிச்சா அதுக்காக எழுதுறேன்.

லூயிஷம்_1098:
ஆடுறது மேல் ட்றனியனோ கீழ் ட்றனியனோ எண்டு பாத்து, எந்தப் பக்கத்துப் புரி எண்டு படம் எடுத்துப் போடுங்கோ. இடம் வலம் ரெண்டும் வேற வேற, மாறி வந்தா ஏறாது. ரெண்டு பக்கத்துக்குமே அனுப்புறன்.

கோப்பாய்_மைனர்:
தூக்கிப் பாத்தன், கீழ் ட்றனியன், நல்லா ஆடுது. அம்மாட்டச் சொன்னன், "அப்ப அடுத்த மாசம் போவம், நீ வடிவாச் செய்" எண்டவ. படம் பின்னேரம் போடுறன்.